டிட் வந்தால் வென்ட் வராது

நேர்முகத் தேர்வில், "இதற்கு முன் எங்கே வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். வெளி மாநிலத்தில் உடம்புக்கு முடியாமல் போனால், தமிழ் தெரியாத டாக்டர், "காய்ச்சல் எப்போது ஆரம்பித்தது?" என்கிறார். வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் போட்டால், "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்கிறார்கள். மூன்று கேள்விக்குமே நடந்து முடிந்ததைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் நமக்கு அதிகம் தேவைப்படுவது இறந்தகாலம்தான். நம்மில் பலருக்கு வாய் தடுக்குவதும் அங்கேதான்.

இத்தனைக்கும் வினையின் மூன்று வடிவங்களைக் காட்டும் வி-1, வி-2, வி-3 அட்டவணையைப் பள்ளியில் தலைகீழாக ஒப்பித்திருப்போம். கோ என்றால் வென்ட், சீ என்றால் சா. தேர்வில் முழு மதிப்பெண்ணும் கிடைத்திருக்கும். ஆனால் பேசப் போனால் "ஐ டிட் நாட் வென்ட்" என்று வந்துவிடுகிறது. அட்டவணை தெரியாததால் வரும் பிழை இல்லை இது. வி-2 எங்கே உட்காரும், எங்கே உட்காராது என்பதைத் தெளிவாகச் சொல்லித்தராததால் வருவது.

அதற்கான விதி ஒரு வரிதான். ஒரு செயலுக்கு இறந்தகால அடையாளம் ஒருமுறை வந்தே ஆக வேண்டும். இரண்டாம் முறை வரவே கூடாது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால், சிம்பிள் பாஸ்ட் என்ற பாடத்தில் நாம் செய்யும் பிழைகளில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும்.

எல்லோருக்கும் ஒரே சொல்

முதலில் மனதுக்குத் தெம்பு தரும் செய்தி. தமிழில் இறந்தகாலம் ஆளைப் பார்த்து மாறும். வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தோம், வந்தார்கள் என்று எத்தனை வடிவங்கள்! ஆங்கிலத்தில் இவ்வளவுக்கும் 'கேம்' என்ற ஒரே சொல் போதும். ஐ கேம், யூ கேம், ஹி கேம், ஷி கேம், இட் கேம், வி கேம், தே கேம். ஆண், பெண், ஒருமை, பன்மை, மரியாதை எதுவுமே வினைச்சொல்லைத் தொடாது. நிகழ்காலத்தில் ஹி, ஷி, இட் வந்தால் எஸ் சேர்க்கும் தொல்லையும் இங்கே கிடையாது.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு, 'இருந்தேன், இருந்தான்' என்று சொல்லும் 'பி' வினை. அதற்கு வாஸ், வேர் என்று இரண்டு வடிவங்கள். ஐ, ஹி, ஷி, இட் வந்தால் வாஸ். யூ, வி, தே வந்தால் வேர். ஐ வாஸ் அட் ஹோம், தே வேர் அட் ஹோம்.

ஈ-டி: எழுத்தில் ஒன்று, ஓசையில் மூன்று

பெரும்பாலான வினைகளுக்கு வாலில் ஈ-டி சேர்த்தால் இறந்தகாலம். எழுதும்போது நான்கு விஷயங்களைக் கவனித்தால் போதும்.

ஏற்கெனவே ஈ எழுத்தில் முடியும் சொல்லுக்கு டி மட்டும் சேர்க்க வேண்டும். லிவ், லிவ்ட் ஆகும். மெய்யெழுத்தை அடுத்து ஒய் வந்து முடிந்தால் அந்த ஒய் போய் ஐ வரும், பிறகு ஈ-டி. ஸ்டடி, கேரி இரண்டும் இப்படி மாறுபவை. ஒய்க்கு முன்னால் உயிரெழுத்து இருந்தால் மாற்றம் இல்லை. பிளே அப்படியே ஈ-டி ஏற்கும். குறுகிய ஒற்றை உயிரும் ஒற்றை மெய்யும் கொண்டு முடியும் சின்னச் சொற்களில் கடைசி எழுத்து இரட்டிக்கும். ஸ்டாப் என்பதன் இறந்தகாலத்தில் இரண்டு பி, பிளான் என்பதில் இரண்டு என். ஓப்பன், விசிட் போல அழுத்தம் முதல் அசையில் விழும் சொற்களில் இரட்டிக்காது. டிராவல் போன்ற சில சொற்கள் இதை மீறும். பிரிட்டிஷ் வழக்கில் டிராவலுக்கு இரண்டு எல், அமெரிக்க வழக்கில் ஒன்று. இந்தியாவில் நாம் எழுதுவது பிரிட்டிஷ் வழக்கு.

எழுத்தை விட ஓசையில்தான் நமக்குச் சிக்கல் அதிகம். எழுதியிருப்பதைப் பார்த்து 'குக்கெட்', 'வாக்கெட்' என்று வாசித்துவிடுகிறோம். ஈ-டி மூன்று விதமாக ஒலிக்கும்.

குக், ஸ்டாப், வாஷ், லாஃப் போன்று க், ப், ஷ், ஃப் ஓசையில் முடியும் சொற்களுக்குப் பின்னால், 'பாட்டு' என்று சொல்லும்போது வருகிற வல்லின ட் ஒலிக்கும். பிளே, கால், கிளீன், லிவ் போன்றவற்றின் பின்னால், 'பாடம்' என்று சொல்லும்போது வருகிற மெலிந்த ட் ஒலிக்கும். இந்த இரண்டு இடத்திலும் புதிய அசை எதுவும் சேராது. குக்ட், பிளேய்ட் என்று ஒரே மூச்சில் முடியும். கடைசியில் 'உ' சேர்த்துக் 'குக்டு' என்று இழுக்காமல் நிறுத்தப் பழகுங்கள்.

வான்ட், வெயிட், நீட் என்று ஏற்கெனவே ட் ஓசையில் முடியும் சொற்கள் மூன்றாம் வகை. ட் மேல் இன்னொரு ட் சொன்னால் காதில் விழாது. அதனால் நடுவில் ஓர் இகரம் நுழைகிறது: வான்டிட், வெயிட்டிட், நீடிட். அசை கூடுவது இந்த ஒரு வகையில் மட்டும்தான்.

விதிக்கு அடங்காத வினைகள்

சிங், சேங் ஆவதும் ரைட், ரோட் ஆவதும் ஏன்? பழைய ஆங்கிலத்தில் உள்ளிருக்கும் உயிரோசையை மாற்றி இறந்தகாலம் காட்டும் வினைகள் இன்றைவிட அதிகமாக இருந்தன. காலப்போக்கில் ஈ-டி முறை அவற்றை ஒவ்வொன்றாக விழுங்கியது. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டு 2007இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் விதிக்கு அடங்காமல் இருந்த 177 வினைகளை எடுத்துக்கொண்டு, அவை பிற்பாடு என்ன ஆயின என்று தொடர்ந்து பார்த்தார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் 145 வினைகள் அப்படியே நின்றன. இன்று 98 மட்டுமே நிற்கின்றன. இன்று சாதாரணமாக ஈ-டி ஏற்கும் ஹெல்ப் கூட ஒரு காலத்தில் அடங்காத கூட்டத்தில் இருந்ததுதான்.

எவை தப்பித்தன என்பதுதான் நமக்குப் பயன்படும் செய்தி. ஓயாமல் புழங்கும் வினைகள் தப்பித்தன. எப்போதாவது வருபவை விதிக்குள் வந்துவிட்டன. தினமும் காதில் விழும் சொல்லை யாரும் மாற்றிச் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் அதிகம் பயன்படும் பத்து வினைகளான பி, ஹேவ், டூ, கோ, சே, கேன், வில், சீ, டேக், கெட் எல்லாமே விதிக்கு அடங்காதவை. புதிதாகப் பிறக்கும் வினைகளோ பிறக்கும்போதே ஈ-டியோடு வருகின்றன. கூகுள் செய்தேன் என்பதற்கு 'கூகுள்ட்', மின்னஞ்சல் அனுப்பினேன் என்பதற்கு 'ஈமெயில்ட்'.

ஆகவே நீண்ட பட்டியலை அகர வரிசையில் உருப்போட வேண்டாம். அன்றாடம் தேவைப்படும் நாற்பது ஐம்பது வினைகளை ஓசைக் குடும்பமாகப் பிரித்துச் சொல்லிப் பாருங்கள்.

மாறாதவை: புட், கட், ஹிட், ஷட், லெட், காஸ்ட், ஹர்ட். நேற்றும் கட், இன்றும் கட்.

ஈகாரம் எகரமாகக் குறுகுபவை: கீப் கெப்ட், ஸ்லீப் ஸ்லெப்ட், ஃபீல் ஃபெல்ட், லீவ் லெஃப்ட், மீட் மெட்.

இகரம் ஏகாரத்துக்கு நெருக்கமாக விரிபவை: சிங் சேங், ரிங் ரேங், டிரிங்க் டிரேங்க், பிகின் பிகேன்.

ஊகாரத்தில் முடிபவை: நோ நியூ, க்ரோ க்ரூ, த்ரோ த்ரூ, ஃப்ளை ஃப்ளூ.

ஆட் என்று முடிபவை: பை பாட், பிரிங் பிராட், திங்க் தாட், டீச் டாட், கேட்ச் காட்.

ஓகாரம் ஏற்பவை: ரைட் ரோட், டிரைவ் டிரோவ், ஸ்பீக் ஸ்போக், பிரேக் பிரோக்.

இரண்டு சொற்களை உச்சரிப்பதில் கவனம் வேண்டும். சே என்பதன் இறந்தகாலம் 'செட்'. எழுத்தைப் பார்த்து 'செய்ட்' என்று நீட்டக்கூடாது. ரீட் என்பது இறந்தகாலத்தில் எழுத்து மாறாமல் 'ரெட்' என்று ஒலிக்கும்.

இது என்ன தாறுமாறு என்று தோன்றினால் நம் மொழியைப் பாருங்கள். செய்தான், உண்டான், சென்றான், பாடினான். இறந்தகாலம் காட்டும் இடைநிலைகள் த், ட், ற், இன் என்று நன்னூல் வகுக்கிறது. எந்த வினைக்கு எது என்று நாம் பட்டியல் போட்டுப் படிக்கவில்லை. காதால் கேட்டுப் பிடித்துக்கொண்டோம். ஆங்கிலக் குழந்தைகளும் ஒரு கட்டத்தில் 'கோ'வோடு ஈ-டியைச் சேர்த்துச் சொல்லிவிட்டு, கேட்கக் கேட்க வென்ட்டுக்கு வந்து சேர்கின்றன. வாய்விட்டுச் சொல்வதும் காது கொடுத்துக் கேட்பதும்தான் நமக்கும் வழி.

டிட் வந்தால் வினை வெறுமையாகும்

இப்போது அந்த ஒரு வரி விதி. எதிர்மறையிலும் கேள்வியிலும் 'டிட்' வருகிறது. டிட் என்பதே இறந்தகால அடையாளம். அது வந்துவிட்டால் செயலுக்கு உரிய அடையாளம் வந்தாகிவிட்டது. பின்னால் வரும் வினை வி-1க்குத் திரும்பிவிட வேண்டும். ஐ வென்ட். ஐ டிட் நாட் கோ. டிட் யூ கோ?

இது நமக்குப் புதிய பழக்கமே இல்லை. 'வந்தேன்' என்பதற்கு எதிர்மறை என்ன? 'வரவில்லை'. 'வந்தேன் இல்லை' என்று யாரும் பேசுவதில்லை. 'இல்லை' சேர்ந்த உடனே 'வந்தேன்' தன் காலத்தைக் கழற்றி வைத்துவிட்டு, காலம் காட்டாத 'வர' என்ற எச்சமாகிவிடுகிறது. சாப்பிட்டேன், சாப்பிடவில்லை, பார்த்தேன், பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் கேம் என்பது டிட் நாட்டுக்குப் பின்னால் கம் ஆவதும் இதே மாதிரிதான். "டிட் நாட் கேம்" என்று வாய் வரும்போது 'வந்தேன் இல்லை' என்று ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று உடனே தெரியும்.

கேள்வியில்தான் தமிழ் நமக்குக் கைகொடுப்பதில்லை. 'வந்தாயா?' என்று நாம் வினையை அப்படியே வைத்துக்கொண்டு கடைசியில் ஓர் ஆகாரம் சேர்க்கிறோம். அந்தப் பழக்கத்தில் "யூ கேம்?", "வென் யூ கேம்?" என்று கேட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் டிட் முன்னால் வந்து நிற்க வேண்டும். டிட் யூ கம்? வென் டிட் யூ கம்? எதிர்மறையும் சேர்ந்தால் "ஒய் டிடின்ட் யூ கம்?" என்று வரும், "ஒய் யூ டிடின்ட் கம்?" என்று வராது.

டிட் தேவைப்படாத இடங்கள் இரண்டு. ஒன்று, வாஸ், வேர் வரும் வாக்கியம். அவை தாமே முன்னால் வரும்: வாஸ் ஹி அட் ஹோம்? மற்றொன்று, செய்தது யார், நடந்தது எது என்று எழுவாயையே கேட்கும் கேள்வி. ஹூ டோல்ட் யூ? வாட் ஹாப்பன்ட்? இங்கே யார், எது என்ற சொற்களே எழுவாயின் இடத்தில் இருப்பதால் வினை தானே அடையாளத்தைச் சுமந்துகொள்கிறது.

'டு' என்ற சொல்லை அடுத்து வரும் வினையும் வெறுமையாகவே இருக்கும். 'திறக்க முயன்றேன்' என்பதில் 'திறக்க' காலம் காட்டவில்லை, 'முயன்றேன்' காட்டுகிறது. ஐ டிரைட் டு ஓப்பன் தி டோர். "டிரைட் டு ஓப்பன்ட்" என்றால் இரண்டாம் அடையாளம், அதாவது பிழை.

அடையாளம் குறைந்தாலும் பிழை

கூடிப்போவதைப் போலக் குறைந்துபோவதும் உண்டு. "கடைக்குப் போய், பால் வாங்கி, வீட்டுக்கு வந்தேன்." இதில் போய், வாங்கி இரண்டும் வினையெச்சங்கள், காலத்தையும் ஆளையும் முழுதாகச் சொல்வது கடைசியில் வரும் 'வந்தேன்' மட்டும். எத்தனை செயல் சொன்னாலும் தமிழ் வாக்கியம் ஒரே வினைமுற்றில் முடியும். இந்தப் பழக்கத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது ஒரு வினைக்கு மட்டும் அடையாளம் போட்டுவிட்டு மற்றதை விட்டுவிடுகிறோம்: "ஐ வென்ட் டு தி ஷாப் அண்ட் பை மில்க்."

ஆங்கிலத்தில் 'அண்ட்' போட்டு அடுக்கும் ஒவ்வொரு செயலும் தனி வினைமுற்று. ஐ வென்ட் டு தி ஷாப், பாட் மில்க் அண்ட் கேம் ஹோம். மூன்று செயல், மூன்று அடையாளம். நீளமாகக் கதை சொல்லும்போது பலர் நடுவழியில் நிகழ்காலத்துக்கு நழுவிவிடுவதும் இதனால்தான்.

எப்போது இது, எப்போது வேறு

எப்போது என்ற கேள்விக்கு முடிந்துபோன ஒரு நேரம் பதிலாக இருந்தால் சிம்பிள் பாஸ்ட். எஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, இன் 2019 போன்ற சொற்கள் வாக்கியத்தில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். நேரத்தை வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும் பேசுகிறவர், கேட்கிறவர் இருவர் மனதிலும் அந்த நேரம் இருந்தால் அதுவே போதும்.

தமிழின் நான்கு வழக்கங்கள் இங்கே நம்மைத் திசைதிருப்பும்.

"நேற்று சென்னைக்குப் போயிருந்தேன்" என்பது நமக்கு மிக இயல்பான பேச்சு. அதை அப்படியே மாற்றினால் "ஐ ஹேட் கான் டு சென்னை எஸ்டர்டே" என்று வருகிறது. ஆங்கிலத்தில் 'ஹேட் கான்' என்றால், இறந்தகாலத்தில் நடந்த இன்னொன்றுக்கும் முன்னால் போனதாகப் பொருள். அப்படி இரண்டாவது நிகழ்ச்சி இல்லாவிட்டால் கேட்பவர், 'அப்புறம் என்ன?' என்று காத்திருப்பார். ஐ வென்ட் டு சென்னை எஸ்டர்டே என்பதே போதும்.

"நேற்று வந்திருக்கிறார்" என்றும் நாம் சொல்வோம். ஆங்கிலத்தில் 'ஹாஸ் கம்' என்பது எஸ்டர்டேயுடன் ஒட்டாது. ஹி கேம் எஸ்டர்டே. ஹேவ், ஹாஸ் இரண்டும் இன்றைய நிலையைப் பேசுபவை. முடிந்துபோன நேரத்தைச் சொன்ன உடனே அவை விலகிக்கொள்ள வேண்டும்.

"அப்போதெல்லாம் தாத்தா தினமும் வாக்கிங் போவார்" என்று பழைய வழக்கத்தை எதிர்கால வடிவில் சொல்வது தமிழ் மரபு. அதனால் "ஹி வில் கோ" என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ஹி வென்ட் ஃபார் எ வாக் எவ்ரி டே என்றோ, ஹி யூஸ்ட் டு கோ என்றோ சொல்ல வேண்டும்.

"இதோ வந்துட்டேன்" என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே சொல்கிறோம். விரைவைக் காட்ட இப்படிக் காலம் மாற்றிச் சொல்வதை நம் இலக்கணம் கால வழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது. ஆங்கிலத்தில் "ஐ கேம்" என்று சொல்லிவிட்டால் வாசலில் தேடுவார்கள். ஐ ஆம் கமிங் என்பதே சரி.

ஆங்கிலமும் காலம் மாற்றிப் பேசும் இடம் ஒன்று உண்டு. இப்போது ஒன்று கேட்க நினைப்பவர், பணிவாக இருக்கட்டும் என்று "ஐ வான்டிட் டு ஆஸ்க் யூ சம்திங்" என்று தொடங்குவார். கேள்வி இந்த நிமிடத்துக்கு உரியது. வினை மட்டும் இறந்தகாலம். அலுவலகத்தில் இது நன்றாகப் பயன்படும்.

ஒரு புகாரை எழுதிப் பார்ப்போம்

ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தமிழில் இப்படிச் சொல்வோம்: "மார்ச் 12 அன்று ஏடிஎம்முக்குப் போயிருந்தேன். கார்டைப் போட்டு, 5,000 ரூபாய் என்று அழுத்திவிட்டுக் காத்திருந்தேன். பணம் வரவில்லை. கணக்கில் கழிந்துவிட்டது. இன்றுவரை பணம் வரவில்லை."

ஆங்கிலத்தில் முதல் வாக்கியம்: ஐ வென்ட் டு தி ஏடிஎம் ஆன் மார்ச் 12. தேதி இருக்கிறது, ஆகவே 'போயிருந்தேன்' என்பதற்கு வென்ட் போதும்.

இரண்டாவது: ஐ இன்சர்ட்டிட் மை கார்ட், என்டர்ட் 5,000 ருபீஸ் அண்ட் வெயிட்டிட். போட்டு, அழுத்திவிட்டு, காத்திருந்தேன் என்ற மூன்று செயலுக்கும் மூன்று ஈ-டி.

மூன்றாவது: தி மெஷின் டிட் நாட் கிவ் தி கேஷ். டிட் வந்ததால் கேவ் இல்லை, கிவ்.

நான்காவது: பட் தி அமவுன்ட் வாஸ் டெபிட்டிட் ஃப்ரம் மை அக்கவுன்ட். இங்கே இறந்தகாலம் வாஸில் இருக்கிறது. டெபிட்டிட் என்பது வி-3. பார்ப்பதற்கு வி-2 போலவே இருக்கும், ஆனால் இந்த வாக்கியத்தில் காலம் காட்டும் வேலை அதற்கு இல்லை.

ஐந்தாவது: ஐ ஸ்டில் ஹேவ் நாட் ரிசீவ்ட் தி மனி. தமிழில் இரண்டு இடத்திலும் 'வரவில்லை' என்றே சொன்னோம். ஆங்கிலம் அவற்றைப் பிரிக்கிறது. மார்ச் 12 அன்று வராதது டிட் நாட். இன்றுவரை வராதது ஹேவ் நாட். புகாரைப் படிக்கும் அதிகாரிக்கு அன்று என்ன நடந்தது, இன்று நிலைமை என்ன என்பது இந்த இரண்டு சொல்லிலேயே தெரிந்துவிடும்.

தினமும் பத்து நிமிடம்

பயிற்சிக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. இரவு தூங்கப் போகும் முன் அன்று செய்தவற்றை ஐந்து வாக்கியங்களாக எழுதுங்கள். ஒவ்வொரு செயலுக்கும் கீழே கோடு போட்டு, அதற்கு அடையாளம் ஒன்று இருக்கிறதா, ஒன்று மட்டுமே இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதே ஐந்தையும் டிட் நாட் போட்டு ஒருமுறை, டிட் யூ போட்டு ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஆங்கில நாளிதழ் கையில் கிடைத்தால் இன்னொரு நல்ல பயிற்சி இருக்கிறது. தலைப்புச் செய்திகளை நேற்றே நடந்து முடிந்திருந்தாலும் நிகழ்காலத்தில் போடுவது ஆங்கிலப் பத்திரிகை வழக்கம். கீழே செய்தி தொடங்கும்போது இறந்தகாலம் வந்துவிடும். தலைப்பில் வின்ஸ் என்றால் செய்தியில் வன், தலைப்பில் விசிட்ஸ் என்றால் செய்தியில் விசிட்டிட். தலைப்பை மட்டும் படித்து நீங்களே இறந்தகாலத்தில் ஒரு வாக்கியம் அமையுங்கள். பிறகு செய்தியின் முதல் வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விடைத்தாள் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது, ஆசிரியர் பக்கத்தில் இல்லாவிட்டாலும் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். விளையாட்டுப் பக்கத்தில் தொடங்குவது நல்லது. ஆட்டத்தை முந்தின நாளே பார்த்திருப்பீர்கள். என்ன நடந்தது என்பது தெரிந்த விஷயம், அதை எப்படிச் சொல்வது என்பதில் மட்டும் முழுக் கவனமும் வைக்கலாம்.